யாழ்ப்பாணத்தில் கண்டதை மறவாதவர்: பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா

பழைய மாணவிகளான நம்மில் பலர் ஹுன்னஸ்கிரியவை விட்டுப் போய் வெகு காலமாகிறது. சிலர் கொழும்பில் இருக்கிறோம், சிலர் கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிறோம். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு பெற்றோரோடு கப்பலேறி நீலகிரிப் பக்கம் குடியேறியவர்களும் நம்மில் உண்டு. எங்கே இருந்தாலும் பள்ளியின் காலைக்கூட்டத்தை ஒருவரும் மறந்திருக்க மாட்டோம். தும்பறை மலையிலிருந்து இறங்கிய மூடுபனி மைதானத்தை மூடியிருக்க, பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கியதும் ஒரு சிறு தடுமாற்றம் வரும். கத்தோலிக்கப் பிள்ளைகள் வீட்டில் படித்தது ஒரு மொழிபெயர்ப்பு; மற்றச் சபைப் பிள்ளைகள் படித்தது வேறொன்று. முன்னே முடித்தவர்கள் பின்னே வருகிறவர்களுக்காகக் காத்து நிற்பார்கள். ஆமென் மட்டும் எல்லோர் வாயிலிருந்தும் ஒன்றாக வரும். அவர்களோடு கண்மூடி நின்ற சைவப் பிள்ளைகளும் அதைச் சேர்ந்தே சொன்னார்கள்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. நூற்றாண்டு விழாவுக்கான நன்றி வழிபாட்டைப் பற்றிப் பேச எங்கள் குழு மூன்று தரம் கூடியது. எந்தச் சபைக் கோவிலில் நடத்துவது, எந்தப் போதகரை அழைப்பது, யார் பிரசங்கிப்பது என்ற கேள்விகளிலேயே மூன்று கூட்டமும் முடிந்தன. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள், ஒருவர் கோவிலுக்குள் மற்றவர் கால் வைக்கத் தயங்குகிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. வழிபாட்டையே விட்டுவிட்டு மதிய விருந்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. அந்தக் கூட்டத்தில்தான் மூத்த சகோதரி ஒருவர் பேராயர் அசரியாவின் பெயரை எடுத்தார். மலரில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெற வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. அது அசரியாவினுடையதாக இருக்கட்டும் என்று தீர்மானித்தோம்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் திகதி திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் போதகர். மிஷன் பாடசாலையில் படித்தபோது கிறிஸ்தவரானவர். தாயார் எலன் அம்மாள். ஒரு மகள் பிறந்து பல ஆண்டுகள் கழித்து, நெடுநாள் ஜெபித்துப் பெற்ற பிள்ளையானதால், வேதாகமத்து அன்னாளைப் போல அவரும் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டு ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுத்தார். மகனுக்குப் பதினைந்து வயதாகும்போது தகப்பனார் காலமானார். அதன் பிறகு அவரை ஆளாக்கியது தாயின் ஜெபமும் கண்டிப்புமே.

திருநெல்வேலி என்ற பெயர் மலைநாட்டுக் கிறிஸ்தவர்களாகிய நமக்கு அந்நியமானதல்ல. 1854ஆம் ஆண்டு கண்டி மலைநாட்டுத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் என்ற பெயரில் ஊழியம் தொடங்கியபோது, லயன்களில் போய்ப் பேசிய முதல் உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்தே வந்தார்கள். கோப்பிக் காட்டில் வேலை செய்த நம் முன்னோரிடம் சுவிசேஷத்தைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அசரியா பிறந்தது அந்தச் சபைகளின் மடியில்.

அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். சுகவீனத்தால் இறுதிப் பரீட்சை எழுத முடியாமல் பட்டம் பெறாமலே வெளியேறினார். 1895இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளரானார். தென்னிந்தியா முழுவதும் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் அலைந்து வாலிபரைச் சந்திப்பதே அவருடைய வேலை. 1898இல் அன்பு மாரியம்மாள் சாமுவேலை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்புக்குச் சென்ற முதல் சிலரில் அன்பு அம்மாளும் ஒருவர். படித்த பெண்ணுக்கு வீட்டில் என்ன வேலை என்று கேட்ட காலம் அது. அந்தப் படிப்பு யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பின்னால் சொல்வோம்.

1902ஆம் ஆண்டு அசரியா யாழ்ப்பாணத்துக்கு வந்தார். வாலிபர் கூட்டங்களில் பேசுவதற்கென்று வந்தவர், தாம் கற்றுக்கொண்டு திரும்பினார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தமக்குள் ஒரு மிஷனெரிச் சங்கம் வைத்திருந்தார்கள். கையிலிருந்த சில்லறையைச் சேர்த்து, கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுக் கரையிலுள்ள தொண்டிப் பகுதிக்குத் தங்கள் செலவில் ஊழியரை அனுப்பியிருந்தார்கள். வெள்ளைக்காரரின் பணத்துக்கும் கட்டளைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. அசரியாவுக்கு இது பெரிய உறுத்தலாயிற்று. இலங்கையின் சிறு மூலையிலிருக்கும் மாணவர்கள் இந்தியாவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் சுவிசேஷம் கேட்டு, ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட திருநெல்வேலிச் சபை யாருக்கு ஆள் அனுப்பியது? அவர் இரவெல்லாம் இதையே ஜெபத்தில் வைத்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் காலம் தாழ்த்தவில்லை. 1903ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் என்பது அதன் ஏற்பாடு. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் வைக்கும் பிடியரிசிக் காணிக்கை இப்படிப்பட்ட ஊழியங்களைத் தாங்கியது. நம் தோட்டத்துக் கோவில்களின் அறுப்பின் பண்டிகைக்கு அம்மாமார் மடியில் கட்டிக்கொண்டு வந்த அரிசியையும் மரக்கறியையும் நினைத்துப் பார்த்தால் இது புரியும். 1905ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று வங்காளத்தின் செராம்பூரில், இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனெரி சங்கமும் பிறந்தது. அதிலும் அசரியா முன்னின்றார்.

திருநெல்வேலிச் சங்கம் தெரிந்துகொண்ட இடம் நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்த தோர்ணக்கல். தமிழ் அங்கே செல்லாது. மக்கள் பேசுவது தெலுங்கு. மற்றவர்களை அங்கே போகும்படி சொல்லிக்கொண்டிருந்த அசரியாவுக்கு, தாம் போகாமல் பிறரை அனுப்புவது சரியல்ல என்று தோன்றியது. 1909இல் வாலிபர் சங்கத்தின் பெரிய பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்று, குடும்பத்தோடு தோர்ணக்கல்லுக்குப் போனார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. தெலுங்கு எழுத்தைச் சிறு பிள்ளையைப் போல முதலிலிருந்து படித்தார்.

அங்கே அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். பிறர் நிலத்தில் கூலி வேலை, ஊருக்கு வெளியே குடிசை, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமையில்லை. லயன் காம்பராவில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்த வாழ்க்கையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சபையில் சேர்ந்த பின்னும் மாலாக்களும் மாதிகாக்களும் ஒருவரோடொருவர் கலக்கத் தயங்கினார்கள். ஒரே பந்தியிலும் ஒரே பாத்திரத்திலும் சேராதவர்கள் ஒரே சரீரமாக முடியாது என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை.

அன்பு அம்மாளின் படிப்பு பயன்பட்டதும் இங்கேதான். கிராமத்துக்கு ஆசிரியராகவும் உபதேசியாராகவும் போக ஆண்களைப் பயிற்றுவித்தபோது, அவர்களுடைய மனைவிமாரையும் கூடவே அழைத்துப் படிப்பித்தார்கள். எழுத்து, வேதபாடம், பிள்ளை வளர்ப்பு, சுத்தம், தையல் எல்லாம் அதில் அடங்கும். கிராமத்துப் பெண்களிடம் போய்ப் பேசக்கூடியவர்கள் பெண்களே. தோர்ணக்கல் சபை வளர்ந்த கதையில் பேராயரின் பெயர் முன்னே நிற்கிறது. அந்தப் பெயர் தெரியாத மனைவிமார் இல்லாமல் அது வளர்ந்திருக்காது.

1910இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்த மேடையில் அசரியா பேசினார். மிஷனெரிகள் இந்தியருக்காகத் தங்கள் சொத்தையும் சுகத்தையும் கொடுத்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆனால் சக ஊழியரைச் சமமாக உட்காரவைத்துப் பேசும் நட்பு அவர்களிடம் குறைவாக இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த நட்பையே கேட்டார். சபையில் சிலருக்கு முகம் சிவந்தது. அந்த மாநாட்டின் பேச்சுகளில் இன்றும் நினைவில் நிற்பது அதுதான்.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. பட்டம் உயர்ந்தபோதும் வேலை மாறவில்லை. மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போவார். மரத்தடியில் மக்களோடு தரையில் உட்கார்வார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தலையில் கை வைக்கச் சொல்லி, கேட்ட நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லும் கடன் தமக்கு உண்டு என்று உறுதி சொல்ல வைப்பார். ஆண்டுதோறும் ஒரு வாரத்தைச் சாட்சி வாரமாக்கினார். சம்பளம் வாங்கும் ஊழியர் மட்டுமல்ல, கூலி வேலை செய்யும் ஆணும் பெண்ணும் கூட்டமாகப் பக்கத்து ஊருக்குப் போய்த் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடித் தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னார்கள். அவர் காலத்தில் அந்த ஆதீனத்தின் கிறிஸ்தவர் தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1930களில் நிலமுள்ள மேல்சாதியாரும் சிலர் சேர்ந்தார்கள். குடியும் சண்டையுமாகத் தாங்கள் பார்த்த ஏழை அயலவர்கள் மாறிப்போனதைக் கண்டே வந்தோம் என்பது அவர்கள் கொடுத்த காரணம்.

இந்த வேலையை எல்லோரும் மெச்சவில்லை. ஒடுக்கப்பட்டவர்களை மதம் மாற்றுவதைக் காந்தியடிகள் கடுமையாக எதிர்த்தார். அந்த மக்கள் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே தெரிந்துகொள்ளக் கூடியவர்கள், அந்த உரிமை அவர்களுக்கும் உண்டு என்பது அசரியாவின் பக்கம். இருவரும் கடைசிவரை இணங்கவில்லை. நம் பள்ளியில் நம்மோடு படித்த சைவ, பௌத்த, முஸ்லிம் சகோதரிகளும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால் நாங்களும் ஒன்று சொல்லிவைக்கிறோம். நம்பிக்கையைப் பகிர்வதென்றால் யாரையும் ஆசை காட்டியோ பயமுறுத்தியோ இழுப்பதல்ல. கேட்கிறவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் நட்பு மாறாமல் நிற்க வேண்டும். எடின்பரோவில் நட்பைக் கேட்ட மனிதரின் வாழ்க்கையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது இதுவே.

ஊழியம் பெருகப் பெருக அசரியாவுக்கு ஒரு தடை தெளிவாகத் தெரிந்தது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எப்போதோ நடந்த சண்டைகளால் பிரிந்த சபைகள், அந்தப் பிரிவினைகளைக் கப்பலில் ஏற்றி இந்தியக் கிராமத்துக்கும் கொண்டுவந்திருந்தன. ஒரு கிராமத்தான் ஆங்கிலிக்கன், அடுத்த கிராமத்தான் மெதடிஸ்ட். அந்தச் சண்டை ஏன் வந்ததென்று இருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒரே அப்பத்தில் பங்கெடுக்க முடியாது. சமாதானத்துக்கு வாருங்கள் என்று அயலானை அழைப்பவர் தம் சகோதரனோடு சமாதானமாயில்லை என்றால், அழைப்பை யார் நம்புவார்?

1919ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய அதே கடற்கரை ஊர். வந்தவர்களில் இருவர் தவிர அனைவரும் இந்தியர். ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும். அசரியா அதில் முக்கியமானவர். இந்தியாவின் கோடிக்கணக்கான மக்களுக்கு நற்செய்தி சொல்லும் பொறுப்பு தங்கள்மேல் இருக்கிறது, பிரிந்து நின்று அதைச் செய்ய முடியாது என்று சொல்லி, சபைகள் இணைய வேண்டுமென்று அறிக்கை வெளியிட்டார்கள். சாட்சியும் ஒற்றுமையும் இரண்டு வேலைகள் அல்ல என்பது அந்த அறிக்கையின் சாரம். அடுத்த ஆண்டே பேச்சுவார்த்தை தொடங்கியது. 1925இல் மெதடிஸ்ட் சபையும் வந்து சேர்ந்தது.

பேச்சு எளிதில் முடியவில்லை. பேராயர் பதவி வேண்டுமா, பழைய குருமாரின் பட்டம் செல்லுமா, யார் யாருக்கு இராப்போஜனம் கொடுக்கலாம் என்று ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அசரியா 1927இல் லோசானிலும், 1930இல் இங்கிலாந்தில் கூடிய லம்பெத் மாநாட்டிலும், 1937இல் மறுபடி எடின்பரோவிலும் இதற்காக மன்றாடினார். மேல்நாட்டாருக்குப் பிரிவினை ஒரு குறையாக இருக்கலாம், எங்களுக்கோ அது சாவா வாழ்வா என்பதைப் போன்றது என்று விளக்கினார். 1929 முதல் இந்தியா, பர்மா, இலங்கை நாடுகளின் தேசிய கிறிஸ்தவ மன்றத்துக்கு அவர் தலைவராக இருந்ததால், அந்த ஆண்டுகளில் நம் நாட்டுச் சபைகளுக்கும் அவர் தலைவர்களில் ஒருவரே.

இந்து சமயத்தை விட்டு விலகப் போவதாக டாக்டர் அம்பேத்கர் 1935இல் அறிவித்தார். அதன் பிறகு அவர் அசரியாவோடு பேசினார் என்று பேராயரின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தம் மக்கள் கிறிஸ்தவர்களானால், எங்கே போனாலும் ஒரே சபையாக இருப்பார்களா, சாதியின் கட்டு முற்றும் நீங்குமா என்பது அம்பேத்கரின் கேள்வி. ஆம் என்று சொல்ல அசரியாவால் முடியவில்லை. வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று அவர் பின்பு மனம் நொந்தாராம். நாடெங்கும் சுவிசேஷம் சொல்லித் திரிந்தவரை, வீட்டுக்குள்ளிருந்த பிரிவினை வாயடைக்கச் செய்தது.

1939இல் தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோவில் தூண்களின் சாயலும் மசூதிக் கும்மட்டங்களின் சாயலும் கலந்த அந்தக் கட்டடத்தைக் கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. அந்தக் கட்டடம் எழுந்து நின்றதை அவர் கண்டார். சபைகளின் ஐக்கியத்தை அவர் காணவில்லை. 1945ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி காலமானார். இரண்டு ஆண்டு ஒன்பது மாதம் கழித்து, 1947 செப்டெம்பர் 27ஆம் திகதி, சென்னையில் தூய ஜோர்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகளும் அதன் ஓர் ஆதீனமாயின. 1902இல் யாழ்ப்பாணத்து மாணவர்கள் அசரியாவுக்குக் கொடுத்தது, 45 ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்துக்கே வேறு விதமாகத் திரும்பி வந்தது.

நம் நாட்டிலும் அப்படியொரு ஐக்கியத்துக்கு ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் சபைகளும் யாழ் ஆதீனமும் பல ஆண்டுகள் உழைத்தன. திட்டம் எழுதப்பட்டது, திருத்தப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் வாசல்வரை வந்து, நீதிமன்ற வழக்கோடு நின்றுபோனது. ஆனாலும் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்ல முடியாது. கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இறையியல் கல்லூரியில் வெவ்வேறு சபைகளின் போதகர்கள் இன்றும் சேர்ந்து படிக்கிறார்கள். கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த பொதுத் தமிழ் வேதாகமம் 1995இல் வெளிவந்தது.

அசரியாவின் வாழ்க்கையைக் குழுவில் உரக்க வாசித்து முடித்தபோது கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வேலையைப் பார்த்தோம். நன்றி வழிபாடு எந்தச் சபைக் கோவிலிலும் இல்லை, பள்ளி மண்டபத்திலேயே நடக்கும். வேதபாடத்தைப் பொது மொழிபெயர்ப்பிலிருந்து பழைய மாணவிகளே வாசிப்பார்கள். எல்லாச் சபைப் போதகர்களும் அழைக்கப்படுவார்கள். பிரசங்கம் யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தோம். இராப்போஜனத்தில் இன்னும் ஒன்றாகப் பங்கெடுக்க முடியாதது எங்களுக்கு வருத்தமே. அதை மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. விழாவுக்கு மகியங்கனை வீதியில் ஏறி வரும்போது தனியே வராதீர்கள். உங்களோடு படித்து, சபை வேறாகிப்போனதால் பேச்சுக் குறைந்துபோன ஒரு தோழியைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டிலிருந்து வர முடியாதவர்கள் அன்றைக்கு அவளைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். ஜெபத்தை அவரவர் பழகிய சொற்களில் சொல்லலாம். முன்னே முடித்தவர்கள், பள்ளியில் பழகியபடி, மற்றவர்களுக்காகக் காத்து நிற்போம்.